கூரை வழியே போகும் பணம்

லண்டனில் சொந்தக்காரர் உள்ள எவரும் டிசம்பர் மாதத்துத் தொலைபேசிப் பேச்சில் இந்தப் புலம்பலைக் கேட்டிருப்பார்கள். “காலையிலிருந்து ஹீட்டிங் ஓடிக்கொண்டுதான் இருக்கு. சுவரில் இருக்கிற மீட்டர் இருபது டிகிரி காட்டுது. ஆனாலும் சோபாவில் உட்கார்ந்தால் முதுகு சில்லென்று இருக்கு. கேஸ் பில்லைப் பார்த்தால்தான் வயிறு எரியுது.”

இருபது டிகிரி என்பது கொடைக்கானலில் இதமான பகல். அதே இருபது லண்டன் வீட்டுக்குள் ஏன் குளிருகிறது? நாள் முழுக்க எரிகிற வாயுவின் வெப்பம் எங்கே போகிறது? இரண்டு கேள்விக்கும் விடை அந்த வீட்டின் கூரையிலும் சன்னலிலும் சுவரிலும் இருக்கிறது. கூடவே, அந்த வீட்டைக் கட்டியவர்கள் மனத்தில் வைத்திருந்த நெருப்பிலும்.

நெருப்புக்காகக் கட்டிய வீடு

ஈஸ்ட் ஹாம், டூட்டிங், வால்தம்ஸ்டோ போன்ற பகுதிகளில், நம்மவர்கள் பலரும் குடியிருக்கும் தெருக்களில், தோளோடு தோள் ஒட்டிய செங்கல் வீடுகள் வரிசையாக நிற்கின்றன. பெரும்பாலானவை விக்டோரியா மகாராணி காலத்தின் கடைசியிலோ அடுத்த பத்தாண்டிலோ கட்டியவை. இங்கிலாந்தில் இன்று மக்கள் குடியிருக்கும் வீடுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று 1919-க்கு முந்தியது.

அந்த வீடுகளில் அறைக்கு ஒரு கணப்பு இருந்தது. அதில் நிலக்கரி எரியும். எரிகிற கரிக்குக் காற்று வேண்டும். புகை மேலே போகப் புகைபோக்கி வேண்டும். சன்னல் இடுக்கிலும் தரைப் பலகைச் சந்திலும் காற்று நுழைந்தால்தான் நெருப்பு நன்றாக எரியும், சுவரின் ஈரமும் காயும். அதாவது, காற்று ஒழுகுவது அந்த வீட்டின் குறை அல்ல. கட்டியவர்கள் அப்படித்தான் நினைத்துக் கட்டினார்கள். வீட்டிலிருப்பவர்கள் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். முகம் வெந்தது, முதுகு உறைந்தது. யாரும் வீடு முழுவதையும் சூடாக வைக்க நினைக்கவில்லை.

1952 டிசம்பரில் லண்டனை மூடிய கொடும் புகைமூட்டம் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. 1956-ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. 1960-களில் வட கடலில் இயற்கை வாயு கிடைத்தது. கணப்புகள் அணைந்தன, சமையலறைச் சுவரில் பாய்லரும் ஒவ்வோர் அறையிலும் வெந்நீர் ஓடும் ரேடியேட்டரும் வந்தன. நெருப்பு மாறியது, வீடு மாறவில்லை. ஓர் இடத்தை மட்டும் சூடாக்குவதற்காகக் கட்டிய கூட்டை முழுவதுமாகச் சூடாக்கப் பார்க்கிறோம். பில் அங்கேதான் ஏறுகிறது.

சுவெட்டர் சூடு தருவதில்லை

சுவெட்டருக்குள் நெருப்பு இல்லை. ஆனாலும் போட்டுக்கொண்டால் கதகதப்பாக இருக்கிறது. காரணம், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நம் உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிட்டுக்கொண்டிருக்கிறது. சுவெட்டர் அதை மெல்லப் போகவிடுகிறது, அவ்வளவுதான்.

இதை முறையாக அளந்து பார்த்தவர் பெஞ்சமின் தாம்சன். அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் 1753-ல் பிறந்து, ஜெர்மனியின் பவேரிய ஆட்சியாளரிடம் வேலை பார்த்து, ரம்ஃபோர்டு பிரபு என்று பட்டம் வாங்கியவர். கம்பளி, பட்டு, பஞ்சு, மென்மயிர் என்று ஒவ்வொன்றாகச் சுற்றி, எது வெப்பத்தை எவ்வளவு நேரம் பிடித்து வைக்கிறது என்று சோதித்தார். காப்பது இழை அல்ல, இழைகளுக்கு நடுவே நகர முடியாமல் சிக்கிக்கொண்ட காற்று என்று கண்டார். பிறகு லண்டனுக்கு வந்து, கணப்புகளின் வாயைக் குறுக்கித் திருத்தியும் பேர் வாங்கினார்.

அசையாத காற்றைப் போல் வெப்பத்தைத் தடுக்கும் மலிவான பொருள் வேறு கிடையாது. அசையும் காற்றோ வெப்பத்தை அள்ளிக்கொண்டு போய்விடும். வீட்டுக்கு வெப்பக்காப்பு செய்வது என்றால் காற்றை அசையவிடாமல் கட்டிப்போடுவதுதான். கண்ணாடி இழைகளைக் கம்பளிபோல் செய்து சுருட்டி விற்கிறார்களே, அந்தக் கண்ணாடிக் கம்பளியின் பெரும்பகுதி காற்று. செங்கல் அதைவிட ஏறத்தாழ 17 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்துகிறது. 10 சென்டிமீட்டர் கண்ணாடிக் கம்பளி செய்கிற வேலையைச் செங்கல்லால் செய்ய வேண்டுமானால், ஏறத்தாழ 1.7 மீட்டர் கனத்துக்குக் கோட்டைச் சுவர் எழுப்ப வேண்டும். அந்த லண்டன் வீட்டின் சுவரோ வெறும் 9 அங்குலம்.

ஒரு வீட்டைக் கணக்குப் பார்ப்போம்

வரிசையின் நடுவில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 5 மீட்டர் அகலம், 8 மீட்டர் ஆழம், இரண்டு தளம். இரு பக்கச் சுவர்களும் அண்டை வீடுகளோடு பொது. அங்கேயும் ஹீட்டிங் ஓடுவதால் அந்த வழியாக வெப்பம் போகாது என்று வைத்துக்கொள்ளலாம். வெளியே தெரிவது முன்சுவரும் பின்சுவரும் மட்டும். சன்னல், கதவு 14 சதுர மீட்டர் போக, வெறும் சுவர் 38 சதுர மீட்டர். மேலே கூரைப்பரப்பு 40, கீழே பலகைத் தரை 40.

ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. உள்ளுக்கும் வெளிக்கும் ஒரே ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கும்போது, ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் வெப்பம் வெளியேறுகிறது என்பதுதான் அது. இதைக் கசிவெண் என்று அழைப்போம். எண் சிறியதாக இருந்தால் நல்லது. ஒற்றைக் கண்ணாடிச் சன்னலுக்கு இது சுமார் 5. காப்பு எதுவும் இல்லாத ஓட்டுக் கூரைக்கு 2.3. ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்கு 1.7. தரைக்கு 0.6-ஐவிடச் சற்று அதிகம். இனிப் பெருக்க வேண்டியதுதான்.

கூரை வழியே டிகிரிக்கு 92 வாட் போகிறது. சன்னலில் 70. சுவரில் 65. தரையில் சுமார் 25. இவற்றோடு இடுக்குகளில் புகுந்து வெளியேறும் காற்றையும் சேர்க்க வேண்டும். இந்த மாதிரி வீட்டில் மணிக்கு ஒரு முறை உள்ளே இருக்கும் காற்று முழுவதும் மாறிவிடுகிறது என்று கொண்டால், அதற்கு 70. கூட்டினால் 322.

வெளியே 5 டிகிரி, உள்ளே 20 என்றால் வித்தியாசம் 15. 322-ஐ 15-ஆல் பெருக்கினால் 4,830 வாட். அந்த வீட்டை இருபதில் நிறுத்த, ஐந்து ஒரு கிலோவாட் ஹீட்டர்களை ஓயாமல் ஓடவிடுவதற்குச் சமமான வெப்பம் வேண்டும். லண்டனின் சராசரிக் குளிர்காலம் முழுவதற்கும் இதே கணக்கை நீட்டி, பாய்லர் எரிக்கும் வாயுவில் 85 விழுக்காடுதான் வீட்டுக்கு வந்து சேர்கிறது என்பதையும் சேர்த்தால், ஆண்டுக்கு 18,000 யூனிட்டுக்கு (கிலோவாட்-மணி) சற்று மேல் வாயு. யூனிட்டுக்கு 6 பென்ஸ் என்று வைத்தால் சுமார் 1,090 பவுண்டு. குளிக்கவும் சமைக்கவும் ஆகும் செலவு இதில் சேரவில்லை. வயதானவர்களோ கைக்குழந்தையோ உள்ள, நாள் முழுக்கச் சூடு வேண்டிய வீட்டின் கணக்கு இது. காலையும் மாலையும் மட்டும் ஹீட்டிங் போடும் வீட்டில் குறையும். ஆனால் எந்த வழியாக எவ்வளவு என்ற விகிதம் பெரிதாக மாறாது.

பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். எல்லோரும் முதலில் குறை சொல்வது சன்னலை. முதலிடத்தில் இருப்பதோ யாரும் ஏறிப் பார்க்காத கூரை.

முதல் பத்து சென்டிமீட்டர்

மேல்தளத்தின் உள்கூரைக்கும் சாய்வான ஓட்டுக்கும் நடுவில் உள்ள இருட்டு வெளியை அங்கே லாஃப்ட் என்கிறார்கள். நம் ஊரில் லாஃப்ட் என்றால் அறைக்குள் சாமான் போடும் பரண். அங்கே அது கூரை முழுவதற்கும் விரிந்த மேல்மாடம். அதன் தரையில் 27 சென்டிமீட்டர் கனத்துக்குக் கண்ணாடிக் கம்பளியை விரித்தால் கசிவெண் 2.3-இலிருந்து 0.16-க்கு இறங்கிவிடும். 92 வாட்டாக இருந்தது 6 வாட்டுக்கும் சற்று மேல். நம் வீட்டுக் கணக்கில் ஆண்டுக்கு 290 பவுண்டு மிச்சம். சில நூறு பவுண்டு செலவில் முடிகிற வேலை. இரண்டு குளிர்காலத்தில் போட்ட பணம் வந்துவிடும்.

ஆனால் அந்த 27 சென்டிமீட்டரில் ஒவ்வொரு சென்டிமீட்டரும் ஒரே அளவு வேலை செய்வதில்லை. முதல் 10 சென்டிமீட்டர் போட்டதுமே 92 என்பது 16-க்கு வந்துவிடுகிறது. மீதி 17 சென்டிமீட்டரும் சேர்ந்து அதிலிருந்து இன்னும் 10 வாட்டைத்தான் குறைக்கின்றன. பணமாகச் சொன்னால் முதல் பகுதிக்கு 258 பவுண்டு, இரண்டாம் பகுதிக்கு 33. காரணம் எளிது: முதல் அடுக்கே பெரும்பகுதியைத் தடுத்துவிட்டால், அடுத்த அடுக்குக்குத் தடுக்க மிச்சம் என்ன இருக்கிறது? “இன்னும் கனமாகப் போட்டால் பில் பாதியாகும்” என்று வாசலில் வந்து நிற்கும் விற்பனையாளரிடம், ஏற்கெனவே மேலே எவ்வளவு கிடக்கிறது என்று ஏறிப் பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது. ஏற்கெனவே பத்து இருந்தால் அவசரம் இல்லை. ஒன்றுமே இல்லையென்றால் ஒரு குளிர்காலம்கூடக் காத்திருக்கக் கூடாது.

இரண்டு எச்சரிக்கை. ஊரிலிருந்து திரும்பி வந்ததும் காலிப் பெட்டிகள் போய்ச் சேரும் இடம் லாஃப்ட்தான். கம்பளிமேல் பெட்டியை வைத்து அழுத்தினால் அதற்குள் இருக்கும் காற்று போய்விடும். காற்று போனால் காப்பும் போயிற்று. சாமான் வைக்கத்தான் வேண்டும் என்றால் கம்பளிக்கு மேலே கால் நட்டுப் பலகை போட வேண்டும். இன்னொன்று, ஓட்டுக்கு அடியில் உள்ள மரச்சட்டங்கள்மேல் நுரையைத் தெளித்து மூடிவிடும் வேலை. மரத்தில் ஈரம் இறங்கினால் கண்ணுக்கே தெரியாது. அதனால் அப்படி நுரை அடித்த வீடுகளுக்குக் கடன் தரப் பிரிட்டனில் சில வங்கிகள் மறுக்கின்றன.

கணக்கில் வராத ஓட்டைகள்

1970-களில் எண்ணெய் விலை எகிறியபோது, அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நியூ ஜெர்சியில் ட்வின் ரிவர்ஸ் என்ற குடியிருப்பின் வரிசை வீடுகளை ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். வீடுகள் புதியவை, மாடத்தில் காப்பும் இருந்தது. ஆனால் மாடம் வழியாகப் போகும் வெப்பம், மேலே நாம் செய்தது போன்ற கணக்குச் சொன்னதைப்போலப் பல மடங்கு இருந்தது. தேடிப் பார்த்ததில், இரு வீடுகளுக்கு நடுவிலுள்ள பொதுச்சுவரின் உள்ளே இருந்த வெற்றிடம் வழியாகவும், குழாய்களும் கம்பிகளும் நுழையும் துளைகள் வழியாகவும் சூடான காற்று நேராக மாடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. காப்பு கிடந்தது கிடந்தபடி இருக்க, வெப்பம் பக்கத்து வழியாக நழுவிவிட்டது. இந்தத் துளைகளை அடைத்து, வேறு சில வேலைகளும் செய்ததில், ஒரு வீட்டின் ஹீட்டிங் தேவை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது.

சூடான காற்று மேலே ஏறி உச்சியில் வெளியேறும். அந்த இடத்தை நிரப்பக் கீழே தரைச் சந்துகள் வழியாகக் குளிர்காற்று நுழையும். சோபாவில் இருக்கும்போது கணுக்காலைத் தொடும் குளிருக்கும் லாஃப்ட் கதவின் இடுக்குக்கும் இப்படி ஒரு தொடர்பு. கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். காற்றடிக்கும் நாளில் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, சன்னல் சட்டம், தரையும் சுவரும் சேரும் விளிம்பு, தபால் போடும் துளை, லாஃப்ட் கதவு என்று ஒவ்வொன்றின் அருகிலும் பிடித்துப் பாருங்கள். திரைச்சீலை, பஞ்சு ஆகியவற்றிலிருந்து தள்ளிப் பிடியுங்கள். புகை வளைகிற இடமெல்லாம் காசு போகிற இடம். ரப்பர் பட்டை, தூரிகைப் பட்டை, பயன்படாத புகைபோக்கிக்குள் வைக்கும் அடைப்பு ஆகியவற்றால் காற்றுக் கசிவைப் பத்தில் மூன்று பங்கு குறைத்தால் நம் வீட்டில் ஆண்டுக்கு 70 பவுண்டு மிச்சம்.

எதை அடைக்கக் கூடாது என்பதும் முக்கியம். வெளிச்சுவரின் அடியில் உள்ள துளைச் செங்கற்கள் பலகைத் தரைக்கு அடியில் காற்றோட்டம் தருபவை. அடைத்தால் தரை மரம் உளுக்கும். கரியோ விறகோ வாயுவோ அறைக்குள்ளேயே எரியும் அடுப்பு இருந்தால், அதற்கான காற்றுத் துளையைத் தொடவே கூடாது. நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

இருபது டிகிரியில் ஏன் குளிருகிறது?

சுவரிலுள்ள மீட்டர் காற்றின் வெப்பத்தைத்தான் காட்டுகிறது. நம் தோலோ காற்றுக்கு மட்டும் வெப்பத்தைக் கொடுப்பதில்லை. எதிரே இருக்கும் சுவருக்கும் கண்ணாடிக்கும் கதிர்களாக வீசிக்கொண்டிருக்கிறது. எதிரே இருப்பது குளிர்ந்திருந்தால் நாம் இழப்பது அதிகம். வெளியே பூஜ்யம், உள்ளே இருபது டிகிரி என்னும்போது ஒற்றைக் கண்ணாடியின் உட்பரப்பு சுமார் 7 டிகிரிதான். செங்கல் சுவரின் உட்பரப்பு 15, 16. சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தவர் குளிருகிறது என்றால் அவர் மிகைப்படுத்தவில்லை. உடனே கை போவது மீட்டருக்கு. அதை ஒரு டிகிரி ஏற்றினாலே ஹீட்டிங் செலவு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கூடும். இரட்டைக் கண்ணாடி போட்டால் அதே பரப்பு 16 டிகிரிக்கு வந்துவிடும். நம் வீட்டில் அதனால் ஆண்டுக்கு 165 பவுண்டு குறையும். ஆனால் செலவு பல ஆயிரம் பவுண்டு. சன்னல் உளுத்து எப்படியும் மாற்ற வேண்டிய காலத்தில் செய்வதே புத்திசாலித்தனம். அதுவரை இரவில் கனமான திரை. ரேடியேட்டருக்கு முன்னால் தொங்காமல், அதற்கு மேலேயே முடிகிற திரை.

குளிர்ந்த பரப்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. சோறு வடிப்பது, இட்லி அவிப்பது, வெந்நீரில் குளிப்பது, ரேடியேட்டர்மேல் துணி காயப்போடுவது எல்லாம் காற்றில் நீராவியைச் சேர்க்கின்றன. இருபது டிகிரியில் 60 விழுக்காடு ஈரப்பதம் உள்ள காற்று, 12 டிகிரிக்குக் கீழே உள்ள எதைத் தொட்டாலும் நீராக வழியும். காலையில் சன்னல் கண்ணாடி அழுவது அதனால்தான். பூஞ்சணம் பிடிக்க வழியும் நீர்கூட வேண்டாம். பரப்பு 15 டிகிரியைச் சுற்றி இருந்தாலே போதும். அறையின் மூலை, அலமாரிக்குப் பின்புறம், கட்டிலின் தலைமாட்டுச் சுவர் எல்லாம் கறுப்பது இப்படித்தான். இது அழகுப் பிரச்சினை அல்ல. 2020-ல் ரோச்டேல் நகரில் பூஞ்சணம் மண்டிய வீட்டில் வாழ்ந்த இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. பூஞ்சணமே காரணம் என்று விசாரணையில் உறுதியானது. அந்தக் குழந்தையின் பெயரால் வழங்கும் சட்டம், சமூக வீடுகளை வாடகைக்கு விடுவோர் பூஞ்சணத்தைக் குறிப்பிட்ட காலத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்கிறது.

ஆகவே இடுக்கை அடைக்கிறவர் சமையலறையிலும் குளியலறையிலும் காற்றை வெளியே தள்ளும் விசிறி வைக்க வேண்டும். அடைப்பது இடுக்கை, மூச்சை அல்ல. இதை மறந்தவர்கள்தான் “காப்பு செய்த பிறகு வீடு ஈரமாகிவிட்டது” என்கிறார்கள்.

சுவரில் கை வைக்கும் முன்

சுவர்தான் சிக்கலான இடம். 1920-களுக்குப் பிறகு இரண்டு சுவர்களுக்கு நடுவே வெளிவிட்டுக் கட்டுவது பரவியது. அந்த வெளியில் காப்பை நிரப்பிவிடலாம். நம் வீட்டின் சுவரில் அப்படி இடைவெளி இல்லை. மழையில் நனையும், காற்றிலும் உள்ளிருந்து வரும் சூட்டிலும் காயும். சுண்ணாம்புக் காரை ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். நூறு ஆண்டுக்கு மேல் அது நிற்பது அப்படித்தான். உட்பக்கம் கனமாகக் காப்பை ஒட்டினால் உள்சூடு செங்கல்லுக்கு எட்டாது. அது குளிர்ந்து, ஈரமாகவே இருக்கும். மேல்தளத்தைத் தாங்கும் உத்தரங்களின் முனைகள் அந்தச் சுவருக்குள்தான் செருகியிருக்கின்றன. முனை உளுத்தால் தளம் இறங்கும்.

இங்கேயும் முதல் சென்டிமீட்டர்களின் விதி கைகொடுக்கிறது. 5 சென்டிமீட்டர் மரநார்ப் பலகையை ஒட்டிச் சுண்ணாம்பு பூசினால் சுவர்க்கசிவு 65-இலிருந்து 22-க்கு வருகிறது. மரநார் ஈரத்தை வாங்கி விடக்கூடியது. செங்கல்லும் முற்றிலும் குளிர்ந்துவிடுவதில்லை. இதைவிடக் கனமாகப் போட்டுக் கிடைக்கும் சொற்ப லாபத்துக்கு உத்தரத்தைப் பணயம் வைக்க வேண்டாம் என்பதே என் கட்சி. மிச்சம் ஆண்டுக்கு 145 பவுண்டு, செலவு பல ஆயிரம். பூச்சு உதிர்ந்து எப்படியும் சுவரைக் கொத்தப் போகிறீர்கள் என்றால் அப்போது செய்யுங்கள். அதற்கு முன் ஒழுகும் மழைக்குழாயையும், சிமென்ட் அப்பிய செங்கல் சந்துகளையும் சரிசெய்து சுவர் காயட்டும்.

வேலை செய்பவரின் கை எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சமீபத்திய சான்று இருக்கிறது. அரசுத் திட்டங்களின் கீழ் வீடுகளின் வெளிச்சுவரில் செய்த காப்பு வேலைகளில் 98 விழுக்காட்டில் சரிசெய்ய வேண்டிய பெரிய குறைகள் இருப்பதாகப் பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2025 அக்டோபரில் சொன்னது. பொருள் கெட்டதல்ல, பொருத்தியதும் மேற்பார்த்ததும் கெட்டுப்போயின.

கூரை, இடுக்கு, சன்னல், சுவர் ஆகியவற்றோடு பலகைத் தரைக்கு அடியிலும் காப்பைத் தொங்கவிட்டால் 322 என்பது சுமார் 107-க்கு வரும். மூன்றில் ஒரு பங்கு. ஆனால் அந்தப் பாதையின் முதல் பாதியை, அதாவது 107 வாட் குறைப்பை, கூரையும் இடுக்கும் மட்டுமே சில நூறு பவுண்டில் தந்துவிடுகின்றன. நிஜத்தில் மிச்சம் கணக்கைவிடக் கொஞ்சம் குறையத்தான் செய்யும். இதுவரை போர்வைக்குள் சுருண்டு கிடந்தவர்கள் இனி இன்னொரு அறையையும் சூடாக்கிக்கொள்வார்கள். அதை நஷ்டக் கணக்கில் எழுத வேண்டியதில்லை.

சொந்த வீட்டுக்காரருக்கு இத்தனை வழி. வாடகைக்கு இருப்பவர் லாஃப்டில் தாமாக எதையும் செய்ய முடியாது. ஆனால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வாடகைக்கு விடும் வீட்டுக்கு ஏ முதல் ஜி வரை தரம் குறித்த ஆற்றல் சான்றிதழ் வேண்டும்; 2020 ஏப்ரலிலிருந்து, விலக்குப் பெற்ற சில வீடுகள் தவிர, ஈ-க்குக் கீழே உள்ள வீட்டைத் தனியார் வாடகைக்கு விடக் கூடாது. முகவரியைக் கொடுத்தால் இணையத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். கூரையில் எவ்வளவு காப்பு, சுவர் எந்த வகை, சன்னல் எப்படி என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் அதைப் படியுங்கள். படித்த பிறகு, லாஃப்ட் கதவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.